பரபக்கமும் சுபக்கமும்: மாணவர்க்கு நிலைப்பாட்டுக் கட்டுரை கற்பித்த அனுபவம்

(பினாங்கில் ஆலயக் கல்வி உதவிநிதி வழங்கும் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எனக்குக் கொடுத்த தலைப்பு "கல்வியின் மேன்மை" என்பது. கல்வி மேன்மையானது என்பதில் இந்த அவையில் யாருக்கும் ஐயம் இருக்காது. ஐயம் இருந்தால் இன்று இத்தனை பேர் காசோலையோடு வந்திருக்க மாட்டீர்கள். ஆகவே, குழுவினரின் அனுமதியோடு, அதைவிடச் சிறியதும் எனக்கு நன்கு தெரிந்ததுமான ஒன்றைப் பற்றிப் பேச விழைகிறேன். அன்னதான மண்டபத்துக்குப் பின்னால் உள்ள அறையில், சனிக்கிழமை மாலைகளில், படிவம் 4, படிவம் 5 மாணவர்கள் சிலருக்கு நிலைப்பாட்டுக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்து வருகிறேன். உங்கள் கொடையில் ஒரு சிறு பகுதி அந்த அறையின் மின்விசிறிக்கும் வெள்ளைப் பலகைக்கும் போயிருக்கிறது. அங்கே என்ன நடக்கிறது என்று அறிய உங்களுக்கு உரிமை உண்டு. அறிந்த பின் சிலருக்கு மன வருத்தமும் வரலாம். அதற்கும் ஆயத்தமாகவே வந்திருக்கிறேன்.

நிலைப்பாட்டுக் கட்டுரை என்பது என்ன? கருத்து வேறுபாடு உள்ள ஒரு வினாவை எடுத்துக்கொள்வது. அதில் என் நிலை இது, அதற்குக் காரணங்கள் இவை, என்னை மறுப்பவர்கள் சொல்வது இது, அவர்களுக்கு என் விடை இது, ஆகவே இன்னார் இன்னதைச் செய்ய வேண்டும் என்று இரண்டு மூன்று பக்கங்களில் எழுதிக் கையொப்பம் இடுவது. சங்கங்கள் அரசாங்கத்துக்கு அனுப்பும் மனுக்களில் நல்லவை இப்படித்தான் இருக்கும். பல இடைநிலைப்பள்ளிகளில் இப்போது மாதிரி ஐக்கிய நாட்டு மன்றம் என்ற ஒன்று நடக்கிறது. ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு நாட்டைக் கொடுத்துவிடுவார்கள். மன்றம் கூடுவதற்கு முன் அந்த நாட்டின் நிலைப்பாட்டை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

என் வகுப்பு அப்படித்தான் தொடங்கியது. ஒரு மாணவன் தாளும் கையுமாக வந்து நின்றான். "ஐயா, நான் நினைப்பதை எழுதக்கூடாதாம். அந்த நாடு நினைப்பதை எழுத வேண்டுமாம். நான் என்ன நினைக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. நாடு நினைப்பதை எங்கே போய்த் தேடுவேன்?" என்றான். அருகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனை அப்படி ஆக்கியவர்களில் நானும் ஒருவன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியனாக இருந்து கட்டுரை கற்பித்தவன் நான். "சேமிப்பின் அவசியம்", "நேரம் பொன்னானது", "நான் ஒரு குடை" ஆகிய தலைப்புகளில் எத்தனை ஆயிரம் கட்டுரைகளைத் திருத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. முன்னுரைக்கு நான்கு வாக்கியம், முடிவுரைக்கு நான்கு வாக்கியம் மனப்பாடமாகக் கொடுத்துவிடுவேன். "என்றால் அது மிகையாகாது" என்று முடித்தால் மதிப்பெண் கிடைக்கும் என்று சொல்லிக்கொடுத்ததும் நான்தான். பிள்ளைகள் நல்ல தேர்ச்சி பெற்றார்கள். பெற்றோர் மாலை போட்டார்கள். ஆனால் அத்தனை கட்டுரைகளிலும் ஒரு வரியையாவது யாராவது மறுக்க முடியுமா? சேமிப்பு வேண்டாம் என்று எந்த மாணவனும் எழுதத் துணிந்ததில்லை. துணிந்திருந்தால் நானே சிவப்பு மையால் அடித்திருப்பேன். யாரும் மறுக்காத ஒன்றை அழகாகச் சொல்வதற்கு நாங்கள் கட்டுரை என்று பெயர் வைத்திருந்தோம்.

இது ஏதோ மேல்நாட்டார் பழக்கம், நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். நம்முடையதை நாம் மறந்துவிட்டோம், அவ்வளவே. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞான சித்தியாரை எடுத்துப் பாருங்கள். நூலே இரண்டு பாகம். பிறர் கொள்கையைச் சொல்லி மறுப்பது பரபக்கம். தம் கொள்கையை நிறுவுவது சுபக்கம். பரபக்கத்தில் பதினான்கு கொள்கையினர் வருகிறார்கள். முதலில் வருபவன் யார்? கடவுளும் இல்லை, மறுபிறப்பும் இல்லை என்று சொல்லும் உலகாயதன்! சைவ சமயத்தின் தலையாய சாத்திர நூல்களில் ஒன்று, சிவனே இல்லை என்பவனை முதலில் பேசவிடுகிறது. அவன் பேசி முடித்த பிறகுதான் ஆசிரியர் மறுக்கத் தொடங்குகிறார். மணிமேகலையும் அப்படித்தான். வஞ்சி மாநகரில் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் நின்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குத் தருக்க முறையைச் சொல்லிக்கொடுக்கிறார். எந்த மாணவன் என்னிடம் வந்தாலும் முதல் சனிக்கிழமை இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன். நிலைப்பாட்டுக் கட்டுரை என்ற பெயரைக் கேட்டு மிரள்பவர்கள், பரபக்கம் சுபக்கம் என்றதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

சரி, எதைப் பற்றி எழுதுவது? பிள்ளைகளிடமே கேட்டேன். போதைப்பொருளின் தீமை என்றாள் ஒருத்தி. போதைப்பொருள் நல்லது என்று வாதாட ஆள் கிடைக்குமா என்று கேட்டேன். தைப்பூசத்தின் சிறப்பு என்றான் ஒருவன். அதற்கும் அதே கதிதான். அறிவுள்ள இருவர் மாறுபடக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள் என்றேன். நெடுநேரம் அமைதி. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "தேங்காய் உடைப்பது ஐயா" என்றாள். அறை முழுவதும் பேச்சுக் கிளம்பிவிட்டது. இதுதான் வினா என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

பினாங்குத் தைப்பூசத்தை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. 1894 முதல் வெள்ளி ரதம், 2017 முதல் தங்க ரதமும், தண்ணீர்மலை நோக்கிப் போகும் வழியெல்லாம் தேங்காய் மலை மலையாகக் குவிந்திருக்கும். நம்மவர்கள் மட்டுமா? சீன வணிகர்கள் தங்கள் கடை வாசலில் உடைக்கும் காய்கள் எத்தனை! பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இதைக் குறைக்கும்படி பல ஆண்டுகளாகக் கேட்டு வந்திருக்கிறது. 2024 இறுதியிலும் 2025-இலும் நாட்டில் தேங்காய்த் தட்டுப்பாடும் விலையேற்றமும் வந்தபோது இந்தப் பேச்சு வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. ஆக, இது பிள்ளைகளுக்குத் தெரிந்த சங்கதி. அவர்கள் வீட்டுச் சங்கதி.

முதலில் எழுதி வந்த தலைப்பு, "தைப்பூசத்தில் தேங்காய் உடைப்பதைத் தடை செய்ய வேண்டும்" என்பது. யார் தடை செய்வது என்று கேட்டேன். விழித்தார்கள். சாலை ஆலயத்துக்குச் சொந்தமில்லை. ஊர்வலத்துக்கு அனுமதி கொடுப்பவர்கள் வேறு. குப்பை அள்ளுபவர்கள் மாநகர் மன்றத்தார். தன் வீட்டு வாசலில் ஒருவர் தேங்காய் உடைப்பதைத் தடுக்க ஆலய நிர்வாகத்துக்கு என்ன அதிகாரம்? "செய்ய வேண்டும்" என்று எழுதினால் அந்த வினைக்கு எழுவாய் வேண்டுமே! அந்த எழுவாயைத் தேடவே ஒரு சனிக்கிழமை போயிற்று. கடைசியில் வினா இப்படிச் சுருங்கியது: நம் ஆலய நிர்வாகம், வரும் தைப்பூசத்துக்கு முன், சிதறுகாயைக் குறைத்துக்கொள்ளும்படி பக்தர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டுமா, வேண்டாமா? இப்போது கடிதம் யாருக்கு என்பது தெரிந்துவிட்டது. படிப்பவர் யார் என்று தெரிந்தவுடன் பிள்ளைகளின் நடையே மாறியதைக் கண்டேன். "மூடர்கள்" போன்ற சொற்கள் தாமாக உதிர்ந்தன. நாளைக்கு அந்தத் தலைவர் முகத்தில் விழிக்க வேண்டுமல்லவா!

அடுத்தது சான்று. இதற்கும் சித்தியார்தான் கைகொடுத்தது. அளவைகள் பலவானாலும் அவையெல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்பது சித்தாந்தம். கண்ணால் கண்டது காண்டல். கண்டதைக் கொண்டு ஊகித்து அறிவது கருதல். நம்பத் தகுந்தவர் வாக்கு உரை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் "கா", "க", "உ" என்று குறிக்கச் சொன்னேன். எந்தக் குறியும் போட முடியாத வாக்கியம் உன் ஆசை. அதை அடித்துவிடு என்றேன். ஏறக்குறைய எல்லாருடைய முதல் பத்தியிலும் "இலட்சக்கணக்கான தேங்காய்கள்" என்று இருந்தது. இது காண்டலா? எண்ணினாயா? இல்லை. உரையா? யார் சொன்னது? நாளிதழில் வந்தது. நாளிதழுக்கு யார் சொன்னார்? தெரியாது. ஒவ்வொருவராக அந்தச் சொல்லை அடித்தார்கள். ஒரு மாணவிக்கு மனமே வரவில்லை. அந்த எண் போய்விட்டால் தன் கட்டுரை மெலிந்துவிடும் என்றாள். மெலியட்டும் என்றேன்.

அந்த இடத்தை நிரப்ப அவர்கள் கொண்டுவந்த செய்திகள் எனக்கே புதியவை. பாளை விரிந்து முற்றிய காயாக ஏறத்தாழ பன்னிரண்டு மாதம் ஆகும் என்பதை ஒருவன் தெரிந்துகொண்டு வந்தான். பேராக்கின் பாகான் டத்தோ தென்னைக்குப் பேர்போன வட்டாரம், இருந்தும் நாடு இந்தோனேசியாவிலிருந்து தேங்காய் இறக்குமதி செய்கிறது என்று இன்னொருவன் எழுதினான். ஒருத்தி, தைப்பூசத்துக்கு மறுநாள் சாலை கூட்டும் தொழிலாளி ஒருவரைப் போய்க் கேட்டாள். உடைந்த ஓட்டின் விளிம்பு கையுறையைக் கிழித்துவிடும் என்று அவர் சொன்னாராம். அந்த ஒரு வாக்கியம் இலட்சத்தைவிட எடை கூடியதாக எனக்குப் பட்டது.

இனி, நான் சொல்ல வந்த முக்கியமான பகுதிக்கு வருகிறேன். என் வகுப்பில் ஒரு விதி உண்டு. பரபக்கத்தை எழுதியதும், அந்தக் கருத்தை உண்மையிலேயே உடைய ஒருவரிடம் அதைக் காட்ட வேண்டும். "ஆமாம், நான் சொல்வது இதுதான்" என்று அவர் ஒப்புக்கொண்டு கையொப்பம் இட வேண்டும். அந்தக் கையொப்பம் இல்லாமல் சுபக்கத்தைத் தொடவே கூடாது. மதிப்பெண்ணில் பாதி பரபக்கத்துக்கு. இப்போது கணினியைக் கேட்டால் இரண்டு நிமிடத்தில் நிலைப்பாட்டுக் கட்டுரையே எழுதித் தந்துவிடுகிறது. ஒரு மாணவன் அப்படி ஒன்றைக் கொண்டும் வந்தான். வழவழவென்று நன்றாகவே இருந்தது. உன் பாட்டியிடம் கையொப்பம் வாங்கி வா என்று அனுப்பினேன். பாட்டி படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, இது எந்த ஊர்க்காரன் எழுதியது என்று கேட்டாராம். திரும்ப வந்து பேனாவை எடுத்தான்.

பின்வரிசைப் பெண் என்று சொன்னேனே, அவள் தேங்காயைக் குறைக்க வேண்டும் என்ற தரப்பு. ஒருவர் ஒரு காய்க்கு மேல் உடைக்கக்கூடாது என்பது அவள் முதல் நிலைப்பாடு. கையொப்பம் வாங்க வெளியே அலைய வேண்டியதில்லை. அவள் தாயாரே ஆண்டுதோறும் 21 காய் உடைப்பவர். முதல் முறை எழுதிக் கொண்டுபோனது: "சிலர் மூடநம்பிக்கையின் காரணமாகத் தேங்காய் உடைக்கின்றனர்." தாயார் படித்துவிட்டு, "மூடநம்பிக்கைன்னு என்னை நானே சொல்லிக்குவேனாம்மா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டாம் முறை ஏதோ ஒரு கையேட்டைப் பார்த்து, ஓடு ஆணவம், உள்ளிருக்கும் வெண்மை தூய உள்ளம் என்று தத்துவமாக எழுதினாள். தாயார், "நல்லாத்தான் இருக்கு. குருக்கள் சொல்ற மாதிரி இருக்கு. ஆனா நான் அதுக்காக உடைக்கலியே" என்றாராம்.

அந்த வாரம் அவள் என்னிடம் வந்து, "ஐயா, அம்மா கையெழுத்துப் போடவே மாட்டார்கள், வேறு யாரிடமாவது கேட்கட்டுமா?" என்றாள். கூடாது என்றேன். நீ எழுதாதே, கேள் என்றேன்.

மூன்றாம் முறை சமையற்கட்டில் தாயாருக்கு எதிரே உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். இவள் ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தை. மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். இந்த இரவைத் தாண்டினால்தான் சொல்ல முடியும் என்று கைவிரித்த இரவு. அந்த இரவில் தாயார் நேர்ந்துகொண்டது: மகளுக்கு 21 வயது ஆகும்வரை, ஆண்டுதோறும் ரதத்தின் முன் 21 காய். வேண்டுதல் இருப்பது மகளுக்குத் தெரியும். அந்த இரவு மட்டும் தெரியாது. பதினாறு ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருந்தும் யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை.

அவள் திருத்தி எழுதிய பரபக்கத்தில் இப்படி ஒரு பகுதி இருந்தது. தன் தாய் கடவுளுக்குத் தேங்காய் கொடுக்கவில்லை, கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறார். அந்த இரவில் கொடுப்பதற்கு அவரிடம் வாக்கைத் தவிர வேறொன்றும் இல்லை. எண்ணிக்கையைக் குறை என்று சொல்பவர்கள், வாங்கிய கடனில் பாதியைக் கட்டினால் போதும் என்று சொல்பவர்களைப் போன்றவர்கள். இதைத் தன்னை எதிர்க்கும் தரப்பாக, தன் கையால் எழுதினாள். தாயார் ஒன்றும் பேசாமல் கையொப்பம் இட்டார்.

நான் பயந்தேன். இனி இந்தப் பிள்ளை தன் நிலையையே விட்டுவிடும், கட்டுரை பாதியில் நின்றுவிடும் என்று நினைத்தேன். விடவில்லை. ஆனால் நிலைப்பாடு இடம் மாறியது. பெருந்தொற்றின்போது, 2021-இல், பினாங்கில் ரத ஊர்வலம் நடைபெறவில்லையே, அந்த ஆண்டுக் கடன் என்னவாயிற்று என்று தாயாரையே மடக்கிக் கேட்டிருக்கிறாள். "பிறகு ரெண்டு வருசத்துக்கும் சேர்த்து உடைச்சேன்" என்பது பதில். எண்ணிக்கை அசையாது, ஆனால் காலம் அசையலாம் என்று குறித்துக்கொண்டாள். அப்படியானால் இடமும் முறையும் அசையலாமா?

இங்கேதான் அவள் பாட்டி வந்தார். பாட்டி கெடாவில் ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் சிதறுகாய் விழுந்ததும் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு பொறுக்க ஓடுவார்களாம். ஒரு சில்லு கிடைத்தால் பிரசாதம், இரண்டு கிடைத்தால் அன்றைக்குச் சட்னி. முழங்காலில் சிராய்ப்பு இல்லாமல் யாரும் வீடு திரும்பியதில்லையாம். அந்தப் பெண் இதைப் பிடித்துக்கொண்டாள். சிதறுகாய் என்பது பொறுக்குவதற்காகச் சிதறியது. உடைப்பவர் சாமிக்கு உடைப்பார்; எடுப்பவர் சாமியிடமிருந்து எடுப்பார். நம் சாலையில் முதல் பாதி நடக்கிறது, இரண்டாம் பாதி நின்றுவிட்டது. தார்ச்சாலையில், லாரிச் சக்கரத்தின் கீழ், சாக்கடையோரம் கிடக்கும் சில்லை எந்தக் குழந்தை எடுக்கும்? ஆகவே அவள் கேட்டது குறைப்பதை அல்ல. எடுத்து உண்ணத் தக்க இடத்தில் உடைக்க ஆலயம் ஏற்பாடு செய்ய வேண்டும். விரும்புவோர் ஒரு காயைச் சங்கல்பத்தோடு உடைத்து, மற்றவற்றை முழுக்காயாக அன்னதானத்துக்குக் கொடுக்க ஒரு மேசை போட வேண்டும். இந்த அறிவிப்பு தமிழில் மட்டும் அல்லாமல் சீனத்திலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். இதற்கு எத்தனை மேசை, எத்தனை தொண்டர்கள், குப்பை வண்டி எங்கே நிற்பது என்பது வரை எழுதியிருந்தாள். ஒரு காய் உடைத்து மற்றதைக் கொடுப்பது வேண்டுதல் ஆகுமா என்பதைக் குருக்கள்தான் சொல்ல வேண்டும் என்றும் தானே குறிப்பெழுதி, அந்த இடத்தில் எந்தக் குறியும் போடாமல் விட்டிருந்தாள். அது சரியான நேர்மை என்று நான் கருதுகிறேன்.

எல்லாக் கட்டுரையும் இப்படி அமைந்தது என்று எண்ண வேண்டாம். இருவர் பாதியில் வகுப்பை விட்டுப் போனார்கள். ஒருவன் கடைசி வரை பரபக்கத்தை நான்கு வரிக்கு மேல் எழுதவில்லை. ஐந்து கட்டுரைகளே முற்றுப்பெற்றன. அவற்றில் எதிர்த் தரப்பில் எழுதப்பட்ட ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் ஒருபக்கம் சாய்ந்தவன் ஆவேன்.

அந்த மாணவனின் தாய்மாமா தேங்காய் வியாபாரி. அதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடு என்றேன். மறைத்தால் கடைசிப் பத்தியில் வேறு யாராவது சொல்வார்கள். சொன்னான். பிறகு அவன் எழுதியதை நான் இந்த அவையில் தயக்கத்தோடுதான் சொல்கிறேன். வீண் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்கிறான். அபிஷேகத்தில் வழிந்தோடும் பால், மறுநாள் குப்பைக்குப் போகும் மாலைகள், ஒரு வேளை அலங்காரத்துக்காக வரவழைக்கும் பூக்கள், தண்ணீர்ப் பந்தலைச் சுற்றி மலையாகக் கிடக்கும் நெகிழிக் குவளைகள். இவற்றுக்கெல்லாம் உபயகாரர் பெயர் பலகையில் இருக்கிறது. தெருவில் தேங்காய் உடைப்பவர் பெயர் எங்கும் இல்லை. பெயர் இருப்பவர் கொடுத்தால் உபயம், பெயர் இல்லாதவர் உடைத்தால் வீண் என்பது எந்த அளவை, காண்டலா, கருதலா, உரையா என்று என் பாடத்தையே எனக்குத் திருப்பிக் கேட்டிருக்கிறான். எல்லாவற்றையும் அளக்க நிர்வாகம் முன்வந்தால் தேங்காயையும் அளக்கலாம், இல்லையேல் ஏழையின் தேங்காயை மட்டும் தொடக்கூடாது என்பது அவன் முடிவு.

சாலை கூட்டும் தொழிலாளியின் கையுறைக்கு அவனிடம் விடை இல்லை. அதற்கு மதிப்பெண் குறைத்தேன். மற்றபடி ஐந்தில் அதிக மதிப்பெண் அவனுக்கே. அவன் முடிவு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவன் கேள்விக்கு என்னிடம் இன்றுவரை பதிலும் இல்லை. ஆண்டுக்கு ஒரு நாள் அலங்கார உபயம் ஏற்பவர்களில் நானும் ஒருவன். என் பெயரும் அந்தப் பலகையில் இருக்கிறது.

ஐந்து கட்டுரைகளையும் தைப்பூசத்துக்கு இரண்டு மாதம் முன்பே ஆலய அலுவலகத்தில் கொடுத்தோம். பொறுப்பில் உள்ள அன்பர் ஒருவர், பிள்ளைகளின் நன்மை கருதியே, "தேர்வுக்குப் படிக்கிற வயதில் இவர்களுக்கு எதற்கு இந்த வேலை? ஒரு பரிசு கொடுத்துப் பாராட்டிவிடலாம்" என்றார். அவருடைய அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆயினும் இந்த மேடையில் நின்று ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். பரிசு வேண்டாம். பதில் வேண்டும். ஏற்றுக்கொள்கிறோம், ஏற்க இயலாது, இந்தக் காரணத்தால் இயலாது என்று எழுத்தில், ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு கடிதம். ஐந்து கடிதம்தான். தங்கள் வாதத்தை எதிர்த்து எழுதியவர்களின் கையொப்பத்தை அவர்கள் எத்தனை பாடுபட்டு வாங்கினார்கள் என்று சொன்னேன். தங்களுக்கு வரும் மறுப்பையும் அவர்கள் படிக்கத் தெரிந்தவர்கள். நன்கொடையாளர்களில் யாருக்கேனும் அந்த மாமன் வீட்டு மருமகன் எழுதியதற்கு விடை தோன்றினால், நீங்களும் எழுதலாம். அவன் அதை ஆவலோடு எதிர்பார்க்கிறான்.

இவ்வாண்டுத் தைப்பூசத்துக்கு முதல் நாள், ரதம் வரும் சாலையோரம் அந்தத் தாயாரைக் கண்டேன். 21 காய்களையும் உடைத்தார். ஒன்றும் குறைக்கவில்லை. ஆனால் தார்ச்சாலையில் அல்ல. துவைத்துக் காயவைத்த நான்கு சாக்குகளைச் சேர்த்துத் தைத்து விரித்து, நடுவில் ஒரு கல்லை வைத்து அதன் மேல் உடைத்தார். மகளும் அவள் தோழிகள் இருவரும் சில்லுகளைப் பொறுக்கி வாளியில் போட்டார்கள். வேடிக்கை பார்த்த ஒரு சீனச் சிறுவனும் இரண்டு சில்லை எடுத்துக்கொண்டு ஓடினான். மகளின் நிலைப்பாட்டை ஏற்றுக்கொண்டீர்களா அம்மா என்று கேட்டேன். "கட்டுரை அவளோடது ஐயா. கடன் என்னோடது. சாக்கு மட்டும்தான் அவ சொன்னது" என்றார்.

வாளி அன்னதான மண்டபத்துக்குப் போயிற்று. மறுநாள் துவையலில் கொஞ்சம் மண் கடிபட்டதாகச் சமையற்காரர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டுக்கு ஒரு நல்ல தார்ப்பாய் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.